பழைய உணவகமும் ஆடும் மேசையும்

பெரியப்பா: நாம் சின்ன வயதில் போவோமே, அந்த உணவகக் கட்டடத்தை இன்று இடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மூடி எத்தனையோ வருடம் ஆகிறது, அந்த ருசி வேறு எங்கேயும் கிடைக்கவில்லை.

அத்தை: ஐயோ அண்ணா! சன்னலோரம் நம் மேசை. ஒரு கால் ஆடும், அப்பா காகிதத்தை மடித்து அடியில் வைப்பாரே. நாம் உட்காருவதற்குள் 5 தம்ளர் தண்ணீர் வந்துவிடும்.

பெரியப்பா: தம்பிக்கு மட்டும் சின்ன தம்ளர்.

சித்தப்பா: அதில் குடிக்கமாட்டேன் என்று அழுவேன், அண்ணா தன்னுடையதை மாற்றித் தருவார். அந்த மணத்துக்காக வீட்டில் எத்தனை தடவை முயன்றிருப்பேன்! அங்கே இரும்புக்கல் காலையிலிருந்து காய்ந்துகொண்டே இருக்கும். சூடு சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் மெயிலார்டு வினை, அதாவது பண்டத்தில் உள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து மாறுவது, வேகமாக நடந்து, பண்டம் நன்றாகச் சிவந்து அந்த வறுத்த வாசனை வரும். நாம் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டுகிறோம், கல் ஆறிவிடுகிறது, தண்ணீர் விட்டு வெந்துதான் போகிறது. ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பக்கத்திலாவது வருகிறது.

அக்கா: ருசியில் பெரும்பங்கு வாசனைதான் சித்தப்பா. பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளையில் முதலில் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போகும். வாசனை அந்த வழியில் சுற்றிப் போகாமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு நேராகவே போய்விடும். அதனால்தான் ஒரு மணம் வந்ததும் சின்ன வயது அப்படியே எழுந்து வருகிறது.

பெரியப்பா: இப்போது எனக்கு எதைச் சாப்பிட்டாலும் மணமே குறைச்சலாகத் தெரிகிறது. சமைக்கிறவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பாவம்.

அக்கா: 60 வயதுக்கு மேல் நிறைய பேருக்கு மோப்பம் மெதுவாகக் குறையும், பெரியப்பா. ஆனால் திடீரென்று குறைந்திருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பெரியப்பா: இல்லைம்மா, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். சரி, கேட்டுவிடுகிறேன்.

அத்தை: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் வீட்டுக்கு வாருங்கள். தம்பி சமைக்கட்டும். அண்ணா, அந்த மேசை இருக்கிறதா என்று கேட்டீர்களா?

பெரியப்பா: கேட்டேன். மரச்சாமான் எல்லாம் முன்பே போய்விட்டதாம். தரை ஓடு ஒன்று உடையாமல் கிடந்தது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வண்டியில் இருக்கிறது.

அத்தை: அதையும் எடுத்து வாருங்கள் அண்ணா. துடைக்காதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்.