லடாக் புகால பூமிச்சூட்டுல கரண்ட் எடுக்க ஏன் இவ்ளோ வருஷம் ஆகுது?

பனிமலை_ரைடர்:
போன வருஷம் லேலேந்து சோ மோரிரி போறப்ப புகா பள்ளத்தாக்குல இறங்கிப் பாத்தேன், தரையிலேந்து ஆவி வந்துட்டே இருக்கு, ஊத்துத் தண்ணியில கை வைக்க முடியல. 1970கள்லயே அங்க துளை போட்டுப் பாத்துட்டாங்களாம், 2021ல ஓஎன்ஜிசி 1 மெகாவாட் சோதனை ப்ளான்டுக்கு ஒப்பந்தமும் போட்டாச்சு. அப்பறம் ஏன் இழுக்குது? சூடு பத்தலையா, காசு பத்தலையா?

துளைமிஷின்:
சூடு இருக்கு பாஸ். அப்ப போட்ட 34 துளையில ரொம்ப ஆழமானதே 385 மீட்டர் தான், அதுக்குள்ளயே 140 டிகிரி வரைக்கும் கிடைச்சிருக்கு. இந்த சூட்டுக்கு பைனரி ப்ளான்ட் தான் சரி, அதாவது வெந்நீர் சூட்ட ஐசோபென்டேன் மாதிரி 28 டிகிரியிலயே கொதிக்கற திரவத்துக்கு ஏத்தி அந்த ஆவியில டர்பைன் சுத்தறது. சிக்கல் துளை போடறதுல. 4,400 மீட்டர் உயரம், டீசல் எஞ்சினுக்கே மூச்சு வாங்கும். ஆழமா கிணறு போட்டு முடிச்சா தான் கீழ எவ்ளோ தண்ணி இருக்குன்னே தெரியும், வரலைன்னா போட்ட காசு போச்சு, இத நம்பி எந்த பேங்க் கடன் குடுக்கும்?

நைரோபி_தமிழன்:
கென்யாலயும் இதே கதை தான். ஒல்காரியால 1981ல 15 மெகாவாட்ல ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் மெதுவா தான் போச்சு. 2008ல துளை போடற ரிஸ்க்க சுமக்கறதுக்குன்னே அரசாங்கம் தனியா ஒரு கம்பெனி வச்சுது. இப்ப நாட்டு கரண்ட்ல 40 சதவீதத்துக்கு மேல பூமிச்சூடு, மழை பொய்ச்சு அணை வத்தினாலும் இது நிக்காது. பக்கத்து ரோஜாப் பண்ணை க்ரீன்ஹவுஸ சூடு பண்றதும் இதே கிணத்து ஆவி தான்.

லே_வாசி:
எல்லாரும் கரண்ட மட்டும் பேசறீங்க, எனக்கு அதுல வருத்தம். 140 டிகிரியில கரண்ட் எடுத்தா சூட்டுல பத்துல ஒரு பங்கு தேறினா பெருசு, நேரா வீட்டுக்கு விட்டா பெரும்பங்கு உதவும். ஐஸ்லாந்துல 90 சதவீத வீடு இப்படித் தான் கதகதப்பா இருக்கு. சூட்ட புகாலேந்து லே வரைக்கும் கொண்டு வர முடியாது, ரொம்ப தூரம், ஆனா அங்கயே நாடோடிப் பிள்ளைங்க தங்கிப் படிக்கற ஸ்கூல் இருக்கே, மைனஸ் 20ல தூங்கற குழந்தைங்க. மொதல்ல அதுக்கு ஒரு பைப் போடுங்க. ஒண்ணு மட்டும், தண்ணியில போரான் ஜாஸ்தி, சூட்ட எடுத்துட்டு திருப்பி பூமிக்குள்ளயே அனுப்பணும், ஆத்துல விட்டா மேய்ச்சல் நெலம் கெடும்.

பனிமலை_ரைடர்:
அந்த ஸ்கூலத் தாண்டித் தான் அண்ணா போனேன், வெந்நீர் ஊத்து இவ்ளோ பக்கத்துல இருக்கறப்ப இது தோணவே இல்ல. கிணத்துத் தண்ணி வேணாம், சும்மா மேல ஓடுற ஊத்து சூடே ஒரு ஹாஸ்டலுக்குப் பத்தாதா துளைமிஷின்?

துளைமிஷின்:
தாராளமா பத்தும். ஊத்து 80 டிகிரிக்கு மேல இருக்கு, ரூம் சூடாக்க 50, 60 இருந்தாலே போதும். நடுவுல ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைக்கணும், அதாவது ஊத்துத் தண்ணி கலக்காம சூட்ட மட்டும் வேற தண்ணிக்கு மாத்தற சாமான், இல்லன்னா சுண்ணாம்பு படிஞ்சு பைப் அடைச்சுக்கும்.