பிரதம நிறைவேற்று அதிகாரி வேறு பணிப்பாளர் சபைகளிலும் இருந்தால் கம்பனிக்கு நட்டமா?

உப்புவெளிவாசி:
வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுக்காலச் சேமிப்பில் நான் பங்கு வாங்கிய கம்பனியொன்றின் ஆண்டறிக்கை கிடைத்தது. அதன் பிரதம நிறைவேற்று அதிகாரி வேறு நான்கு பணிப்பாளர் சபைகளிலும் இருக்கிறார். பங்கிலாபமோ இரண்டு ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது. அவருடைய வெளிப்பதவிகளே இதற்குக் காரணம் என்று கொள்ளலாமா?

கணக்குப்பிள்ளை:
அவ்வளவு எளிதில் கொள்ள முடியாது, ஐயா. வெளிப் பணிப்பாளர்களில் (கம்பனியின் ஊழியராக இல்லாத பணிப்பாளர்களில்) பெரும்பான்மையோர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சபைகளில் இருக்கும் அமெரிக்கக் கம்பனிகளில், புத்தகப் பெறுமதியோடு (கணக்கேடுகளின்படியான பெறுமதியோடு) ஒப்பிடுகையில் சந்தைப் பெறுமதி தாழ்ந்திருந்ததாக ஆய்வாளர்களான பிச், சிவதாசானி ஆகியோர் 2006இல் காட்டினர். ஆனால் 2003இல் பெரிஸ், ஜெகந்நாதன், பிரிட்சர்ட் ஆகியோர், பல சபைகளில் இருப்பவர்கள் கடமையைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்பதற்குச் சான்றில்லை என்றனர். உங்கள் கேள்விக்கு நெருக்கமானது கெலெட்கானிச், பாய்ட் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு: வளர்ச்சி மந்தமான துறைகளில் தலைமை அதிகாரியின் வெளிப்பதவிகள் கம்பனிக்கு நன்மையே தந்தன என்கிறது. அத்துடன், கெட்டிக்காரரைத்தான் பலரும் அழைப்பார்கள் என்பதால், எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதும் கடினம்.

முன்னாள் கம்பனிச் செயலாளர்:
சட்ட வரம்புகளை நம்பி இருக்க வேண்டாம். நமது மத்திய வங்கி 2007இல் வங்கிப் பணிப்பாளர்களுக்கு விதித்த உச்ச எண்ணிக்கையே 20 நிறுவனங்கள்! இந்தியாவிலோ, பட்டியலிடப்பட்ட கம்பனியொன்றின் முழுநேரப் பணிப்பாளர் அத்தகைய மூன்று கம்பனிகளுக்கு மேல் சுயாதீன பணிப்பாளராக (கம்பனியுடன் வேறு தொடர்பில்லாத பணிப்பாளராக) இருக்க முடியாது. நான் பணியாற்றிய இடத்தில், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே அரக்கு முத்திரையிட்ட உறையில் சபைப் பத்திரங்களை அனுப்புவேன். ஒருவருடைய உறை மட்டும் முத்திரை உடையாமலேயே கூட்ட மேசைக்கு வந்து சேரும். வரவுப் பதிவேட்டில் அவர் எப்போதும் 'சமுகம்' தான். ஆகவே வரவுக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாமல், தொடர்புடைய தரப்பினருடனான (பணிப்பாளர்களோடு தொடர்புள்ள கம்பனிகள் போன்றவற்றுடனான) கொடுக்கல் வாங்கல்கள் பற்றி ஆண்டறிக்கையில் உள்ள குறிப்பையும் வாசியுங்கள்.

உப்புவெளிவாசி:
இருவருக்கும் நன்றி. அறிக்கையை மீண்டும் புரட்டினேன். நான்கில் இரண்டு, இதே கம்பனியின் துணைக் கம்பனிகள். அவற்றை வெளிப்பதவி என்று எண்ணியது என் பிழை. மூன்றாவதுக்கும் இதற்கும் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. நான்காவது கம்பனியிடமிருந்துதான் பொதியிடும் பொருட்களை வாங்குகிறார்கள். அந்தத் தொகை ஓராண்டில் ஏறத்தாழ இரட்டித்திருக்கிறது.

முன்னாள் கம்பனிச் செயலாளர்:
அப்படியானால் அவருக்கு நேரம் போதுமா என்பதை விட்டுவிட்டு, அந்தப் பொருட்களுக்குக் கொடுக்கும் விலையைக் கேளுங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 192ஆம் பிரிவின்படி அவர் இந்தக் கொள்வனவில் தமக்குள்ள அக்கறையை (சொந்த நலன் சார்ந்த தொடர்பை) வெளிப்படுத்தியிருக்க வேண்டும். எப்போது வெளிப்படுத்தினார், வேறு விலைமனுக்கள் கோரப்பட்டனவா என்ற இரண்டு கேள்விகளையும் பொதுக்கூட்டத்துக்கு முன்கூட்டியே கம்பனிக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

உப்புவெளிவாசி:
பொதுக்கூட்டம் கொழும்பில்தான். கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, இரவு ரயிலுக்கு ஆசனமும் பதிந்துவிட்டேன்.