அலுவலகத்தில் சம்பளப் பிடித்தம் வழியாக நன்கொடை: தொகை எங்கே கூடுகிறது, எங்கே நின்றுவிடுகிறது

எச்.ஆர். ஒருங்கிணைப்பாளர்:

நன்கொடை இயக்கம் என்றாலே போஸ்டர், எம்.டி. உரை, ஹாலில் ஒரு வீடியோ என்று தொடங்கிவிடுகிறார்கள். இவற்றால் பெயர் கொடுப்பவர்கள் கொஞ்சம் கூடலாம், தொகை கூடாது. தொகையை முடிவு செய்வது படிவத்தில் அச்சாகியிருக்கும் எண்ணும், அந்தப் படிவத்தை நீட்டும் ஆளும்தான். "தங்களால் இயன்றது" என்று எழுதிக் கோடு போட்டு விட்டால், பக்கத்து மேஜைக்காரர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்து அதையே எழுதுவார்கள். அங்கே முதலில் எழுதியவர் 50 என்று போட்டிருந்தால் அந்த வரிசை முழுக்க 50தான்.

எல்லோருக்கும் ஒரே படிவம் அச்சடிப்பது அடுத்த தவறு. ஏற்கெனவே மாதம் 500 கொடுப்பவரிடம் 100, 250, 500, 1000 என்று பெட்டிகளை நீட்டினால், 250-ஐ டிக் செய்ய நாமே வழி காட்டுகிறோம். பழைய நன்கொடையாளர் படிவத்தில் அவருடைய பழைய தொகையே முதல் பெட்டியாக இருக்கட்டும். அதற்கு அடுத்து 600, 750 என்று எட்டக்கூடிய படிகள், கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம். புதியவருக்குத் தனிப் படிவம். சம்பளம் அதிகமுள்ளவர்களுக்குப் படிவமே அனுப்ப வேண்டாம். இயக்கம் தொடங்குவதற்கு முன்பே நேரில் போய்ப் பேச வேண்டும்.

கணக்குப் பிரிவு:

பெட்டிகளில் தொகைக்குப் பதில் நேரத்தைப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் சம்பளம் என்பது ஆண்டுச் சம்பளத்தில் 0.4 சதவீதம். "மாதம் ஒரு மணி நேரச் சம்பளம்" என்று கேட்டால் வருடத்துக்கு 12 மணி நேரம், அதாவது எட்டு மணி நேரக் கணக்கில் ஒன்றரை நாள், 0.6 சதவீதம். காதுக்குச் சின்னதாகக் கேட்கிறது, கைக்கு ஒன்றரை மடங்கு வருகிறது. சம்பளத்தோடு தானாகவே ஏறவும் செய்யும். மேல்மட்டத்தில் ஒரு சதவீதம் கேட்கலாம். அது இரண்டரை நாள் சம்பளம், அவ்வளவுதான்.

ஆனால் மணி நேரக் கணக்கைச் சம்பள மென்பொருளில் அடிப்படைச் சம்பளத்தின் மேல் போடுவதா, மொத்தத்தின் மேல் போடுவதா என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்த அன்றே "நான் சொன்னது இவ்வளவு இல்லையே" என்று வரிசையாக மெயில் வரும்.

எச்.ஆர். ஒருங்கிணைப்பாளர்:

சரியான பேச்சு. பிடித்தம் எந்த மாதம் தொடங்கும் என்பதையும் அதோடு எழுத வேண்டும். சம்பளப் பட்டியல் மூடும் தேதிக்கு நான்கைந்து வேலை நாள் முன்பே படிவங்கள் கைக்கு வராவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில்தான் பலர் மனம் மாறுகிறார்கள்.

நடத்தை ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவர்:

மக்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராயும் பிரிட்டனின் பிஹேவியரல் இன்சைட்ஸ் டீம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்த விஷயத்துக்கு நேரான சோதனைகள் உண்டு. ஒரு வங்கியில் ஊழியர்களிடம் ஒரு நாள் சம்பளம் கேட்டார்கள். வழக்கமான அழைப்புக்கு 5 சதவீதம் பேர் கொடுத்தார்கள். தலைமை அதிகாரியிடமிருந்து பெயர் சொல்லி விளித்து மெயில் போனபோது 12. வாசலில் ஒரு சின்ன மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தபோது 11. இரண்டும் சேர்ந்தபோது 17. பொது மெயிலில் "அன்புள்ள சகாக்களே" என்பதைப் பெயராக மாற்ற மெயில் மெர்ஜ் (ஒவ்வொரு மெயிலிலும் பெயரைத் தானாக நிரப்பும் வசதி) தெரிந்த ஒருவர் போதும், செலவே கிடையாது.

ஒரு சில்லறை வணிகக் குழுமத்தில் நடந்த சோதனையும் அதே அறிக்கையில் இருக்கிறது. நன்கொடை வருடம் 3 சதவீதம் தானாக உயரட்டுமா என்று கேட்டு டிக் செய்யச் சொன்னபோது புதியவர்களில் 6 சதவீதம்தான் சேர்ந்தார்கள். உயர்வு இயல்பாகவே இருக்கும், வேண்டாமென்றால் டிக் செய்யுங்கள் என்று மாற்றியதும் 49 சதவீதம் பேர் அதில் இருந்தார்கள்.

கணக்குப் பிரிவு:

3 சதவீதத்தைப் பெரிய உயர்வாக நினைக்க வேண்டாம். 100 என்று தொடங்கினால் பத்து வருட உயர்வுக்குப் பிறகு 134; விலைவாசியோடு சேர்ந்து நடக்கிறது, அவ்வளவுதான். உண்மையிலேயே ஏற வேண்டுமென்றால் சம்பள உயர்வோடு கட்டுங்கள்: "அடுத்த இன்கிரிமென்ட்டில் இருபதில் ஒரு பங்கு" என்று இன்றே கையெழுத்து வாங்கிவிடலாம். கைக்கு வராத பணத்தை விட்டுக்கொடுக்க யாரும் அதிகம் யோசிப்பதில்லை. டிக் செய்யாததையே சம்மதமாக எடுத்துக்கொள்ளும் முறையைப் பிடித்தத்தில் போடுவதற்கு முன் மட்டும் உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு.

நடத்தை ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவர்:

நிறுவனம் தன் பங்குக்குப் போடும் இணை நன்கொடை பற்றியும் ஒரு வார்த்தை. பொருளாதார ஆய்வாளர்கள் டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவில் 50,000 பேருக்குக் கடிதம் போனது. ஒன்றுக்கு ஒன்று இணையாகப் போடுகிறோம் என்றதும் வசூல் கூடியது. ஆனால் ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்று ஏற்றியதால் அதற்கு மேல் பலன் இல்லை. ஆகவே "மூன்று மடங்கு" என்று பேனர் கட்டுவது வீண். ஜெர்மனியின் முனிச் ஓபரா அரங்கின் நிதி திரட்டலில் நடந்த வேறொரு சோதனை இன்னும் யோசிக்க வைப்பது: ஒரு பெரிய நன்கொடையாளர் ஏற்கெனவே 60,000 யூரோ கொடுத்துவிட்டார் என்று மட்டும் சொன்னபோது சராசரி நன்கொடை 74 யூரோவிலிருந்து 132-க்குப் போனது. அதே பணத்தை இணை நன்கொடையாக அறிவித்தபோது மக்கள் தங்கள் கையிலிருந்து போடுவது அந்த அளவுக்கு இல்லை. நிறுவனத்திடம் ஒரு தொகை இருந்தால், முதல் நாளே அதைக் கொடுத்துவிட்டு அறிவிப்பது நல்லது என்பது என் கணிப்பு.

தொண்டு நிறுவனத் தரப்பு:

வாங்கும் பக்கத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் ஒரே தொகையாக வங்கியில் விழுகிறது, கூடவே பட்டியல் வருவதில்லை. யார் கொடுத்தார் என்று தெரியாமல் நன்றி சொல்லவும் முடியாது, வரிச் சலுகைக்கு அவரவர் பெயரில் ரசீது போடவும் முடியாது. ரசீது நிறுவனத்தின் பெயரில் போய்விட்டால் ஊழியருக்குப் பயனில்லை, அடுத்த வருடம் அவர் பாதியாகக் குறைப்பார். பெயர், வரி எண், தொகை மூன்றும் உள்ள எக்செல் பட்டியல் பணத்தோடு வந்தாக வேண்டும். விவரத்தைப் பகிர ஒப்புதல் என்று படிவத்தில் ஒரு கட்டம் இல்லாவிட்டால் பட்டியலைக் கொடுக்க எச்.ஆர். தயங்கும், அதுவும் நியாயம்தான். மூன்றாவது மாதம் பணம் எதற்குப் போனது என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புவது எங்கள் வேலை. அது போகாத இடங்களில் தொகையை உயர்த்துங்கள் என்று கேட்க வாயே வராது.

மேசை மேசையாகக் கேட்டுப் பழகிய தன்னார்வலர்:

எல்லாம் சரி, மேலாளரைக் கேட்க விடாதீர்கள். தன் கீழ் வேலை பார்ப்பவரிடம் அவர் கேட்டால் பெயரளவுக்கு ஒரு தொகை வரும், கூடவே மனக்கசப்பும் வரும். "எங்கள் பிரிவில் நூறு சதவீதம்" என்ற போட்டியிலும் இதே வினைதான்: ஆளுக்கு மிகக் குறைந்த பெட்டியை டிக் செய்து கணக்கைத் தீர்ப்பார்கள். மொத்தத் தொகையில் போட்டி வைத்தால் சம்பளம் அதிகமுள்ள பிரிவுதான் எப்போதும் ஜெயிக்கும். போன வருடத்தைவிட உயர்த்தியவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் பெயரில்லாமல் சொல்லுங்கள்.

கேட்பவர் அதே நிலையில் உள்ள சக ஊழியராக இருக்க வேண்டும், தன் படிவத்தை முதலில் கொடுத்து முடித்தவராகவும் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேருக்கு ஒருவர், இரண்டு வாரம். "போன வருஷம் 500 கொடுத்தீங்க, இந்த வருஷம் 750 ஆக்க முடியுமா?" என்று எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பலர் அங்கேதான் கெடுக்கிறார்கள். பதில் வருவதற்குள் "பரவாயில்ல, முடிஞ்சதைக் கொடுங்க" என்று தாங்களே இறங்கிவிடுவார்கள்.

கணக்குப் பிரிவு:

பணம் சத்தமில்லாமல் ஒழுகும் இடங்கள் சில. ஒப்புதல் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று இருந்தால் பதின்மூன்றாவது மாதம் எல்லோரும் ஒரேயடியாக உதிர்வார்கள். "நிறுத்தச் சொல்லும் வரை" என்று வாங்குங்கள், நிறுத்த ஒரு மெயில் போதும் என்றும் எழுதுங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதத்தில் பிடித்தம் தவறினால், அடுத்த மாதம் மென்பொருள் நிலுவையையும் சேர்த்து இரட்டையாகப் பிடிக்கும், அந்த ஆள் அன்றே ரத்து செய்வார். தவறியது தவறியதுதான் என்று விதியை மாற்றி வையுங்கள். சம்பளச் சீட்டில் "பிற பிடித்தங்கள்" என்ற வரிக்குள் புதைக்காமல் நன்கொடை என்று தனி வரியாகக் காட்டுங்கள்.

மென்பொருள் மாறும்போது நன்கொடைக்கான குறியீடு புதியதில் ஏறாமல் போவது அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு மாதமும் போன மாத எண்ணிக்கையோடு புதியவர்களைக் கூட்டி, நின்றவர்களைக் கழித்துப் பாருங்கள். இந்த மாதப் பட்டியலோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் பணத்தை அனுப்பும் முன்பே காரணத்தைத் தேடுங்கள்.