மளிகைக் கடையில் சானிட்டரி பேடை எந்த ரேக்கில் வைப்பது?

திருமங்கலம் மளிகைக்காரி கேட்கிறார்:

திருமங்கலத்தில் உசிலம்பட்டி ரோட்டில் எங்களுக்குச் சின்ன மளிகைக் கடை. வீட்டுக்காரர் காலையிலேயே மதுரை கீழமாசி வீதிக்குச் சரக்கு எடுக்கப் போய்விடுவார். மதியம் வரை கல்லாவில் நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை யூனிஃபார்மில் ஒரு பிள்ளை வந்தாள். ஒன்பதாவது படிக்கிற வயது இருக்கும். கையில் நாலாக மடித்த 50 ரூபாய் நோட்டு. கடையில் மூன்று ஆம்பளைகள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று உப்பு மூட்டை ஓரமாக ஒதுங்கி நின்றாள். ஒருவர் போனால் இன்னொருவர் வருகிறார். கடைசியில் ஒரு கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என்ன வாங்க வந்தாள் என்பது அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து மனசே கேட்கவில்லை.

எங்கள் கடையில் பேடு இருப்பதே வெளியே தெரியாது. கீழ் ரேக்கில் ஃபினாயில் பாட்டிலுக்குப் பின்னால் கிடக்கும். கேட்டால் குனிந்து எடுத்து, பேப்பரில் சுற்றிக் கொடுப்போம். முன்னால் வைக்கலாம் என்றால், "சாமி படத்துக்கு எதிரேயா?" என்கிறார் மாமனார். வேறு எங்கே வைக்கலாம்? இன்னொன்று, இதற்கு வரியே கிடையாதாமே, அப்புறம் ஏன் விலை குறையவில்லை என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

சிம்மக்கல் மெடிக்கல்:

அக்கா, மருந்துக்கடையில் 11 வருஷமாக நிற்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பேடுக்கு 12 சதவீதம் போட்டார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, 2018 ஜூலையில் எடுத்தார்கள். ஆனால் பேடு செய்ய வாங்குகிற மரக்கூழ், பிளாஸ்டிக் ஷீட், பசை எல்லாவற்றுக்கும் கம்பெனி வரி கட்டத்தான் வேண்டும். பேடுக்கு வரி இருந்தவரை அதைக் கழித்துக்கொள்ளலாம். வரிவிலக்கு வந்ததும் கழிக்க வழியில்லை, அது விலைக்குள்ளேயே போய்விட்டது. 12 சதவீதமும் முழுசாக இறங்காததற்கு அது ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் "அண்ணே, ஒரு விஸ்பர்" என்றுதான் கேட்பார்கள். குரலும் தாழ்ந்திருக்கும். நாங்கள் கைக்கு வந்ததை, சில நேரம் லாபம் கூட நிற்பதை, கறுப்புக் கவரில் போட்டு நீட்டிவிடுவோம். 20 ரூபாய் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள் இதை அப்படியே கூடைக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு பாக்கெட்டில் 8 இருந்தது 7 ஆனது. உறையும் அதேதான், விலையும் அதேதான். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மறைத்து விற்பதில் காசை இழப்பது வாங்குகிறவர்கள்தான். அதனால் முன்னால் வையுங்கள்.

மேலூர் அப்பா:

மனைவி திருப்பூரில் வேலை பார்க்கிறாள். மகளுக்கு நான்தான் வாங்கித் தருகிறேன். எக்ஸ்எல் என்றால் ஜட்டி சைஸ் போல இடுப்பளவு என்று நினைத்து, முதல் தடவை சின்னதை வாங்கிப் போனேன். பிள்ளை கறை பட்ட பாவாடையோடு பஸ்ஸில் வந்தாள். அது பேடின் நீளம் என்று அப்புறம்தான் தெரிந்தது. பாக்கெட்டில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். ஒரு கம்பெனியின் எக்ஸ்எல் நீளமும் இன்னொன்றின் நீளமும் ஒன்றாக இருக்காது. கடையில் எடுத்துப் பார்க்க விட்டிருந்தால் படித்திருப்பேன்.

உசிலம்பட்டி டீச்சர்:

அந்தப் பிள்ளை ஏன் 50 ரூபாயோடு வந்தாள் என்று எனக்குத் தெரியும். புதுயுகம் திட்டத்தில் அரசு இலவசமாகத் தருகிறது, நல்ல திட்டம். வருஷத்துக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 9 வருகிறது. ஐந்து நாள், நாளைக்கு மூன்று என்றாலே 15 வேண்டும். மீதி ஆறுக்குத்தான் அவள் உங்கள் கடைக்கு வந்திருக்கிறாள். இல்லாவிட்டால் ஒன்றையே காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்திருப்பார்கள். என் வகுப்பிலேயே பார்க்கிறேன். டிவி விளம்பரத்தில் நீலத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வெள்ளை பேன்ட் போட்ட பெண் குதிக்கிறாள். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று யார் சொல்லித் தருகிறார்கள்?

மத்திய அரசின் மலிவு விலை மருந்துக்கடையான மக்கள் மருந்தகத்தில் 2019 ஆகஸ்டிலிருந்து பேடு ஒன்று ஒரு ரூபாய். முடியாதவர்களிடம் சொல்லுங்கள், உங்கள் வியாபாரம் அதனால் கெட்டுவிடாது.

திருமங்கலம் மளிகைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று வலது பக்க ரேக்கில், தேங்காய் எண்ணெய்க்கும் சீயக்காய்க்கும் நடுவில், கைக்கு எட்டுகிற உயரத்தில் அடுக்கிவிட்டேன். சாமி படம் இடது பக்கம். மாமனார் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

அட்டையில் விலை எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. 6 உள்ள பாக்கெட் 54 ரூபாய், ஒன்று 9 விழுகிறது. 30 உள்ள பெரிய பை 240, ஒன்று 8. கையில் காசு இல்லாதவள்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் என் கடையில். அந்த 50 ரூபாய்க்குச் சின்ன பாக்கெட்கூட வந்திருக்காது. இன்று காலை நூறு நாள் வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் அட்டையைப் படித்துவிட்டுப் பெரிய பை ஒன்றைச் சேர்ந்து வாங்கினார்கள். கல்லா மேலேயே வைத்துப் பதினைந்து பதினைந்தாக எண்ணிப் பிரித்தார்கள். பக்கத்தில் ஒருவர் வெற்றிலை வாங்கிக்கொண்டு நின்றார். நான் பேப்பரை எடுக்கப் போனேன். "எதுக்குக்கா, பையிலதான போடப் போறோம்" என்றாள் ஒருத்தி.

அந்தப் பிள்ளை இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கும் இப்போது நானே கல்லாவில் உட்காருகிறேன்.