25 மைக்ரான் சவ்வு: பாதியிலேயே ஆக்சைடு காலி, அடியில பிரமிடு

கேள்வி (சவ்வு_525)
4 அங்குல (100) சிலிக்கான் வேஃபர் (மெல்லிய வட்டத் தகடு; (100)ங்கிறது மேல்பரப்போட படிகத் தளம்), தடிமன் 525 மைக்ரான். பின்பக்கமா குடைஞ்சு 1 மி.மீ. சதுரத்துல 25 மைக்ரான் சவ்வு விடணும். மாஸ்க் (அரிக்கக் கூடாத இடத்தை மூடுற படலம்) 1 மைக்ரான் தெர்மல் ஆக்சைடு (சூட்டுல வளர்த்த சிலிக்கான் ஆக்சைடு), ஜன்னல் (மாஸ்க்குல விட்ட திறப்பு) 1.5 மி.மீ. அரிக்கிற கரைசல் 30% கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு), 80 டிகிரி செல்சியஸ். மூணு மணி நேரத்துல ஆக்சைடே இல்ல. குழியோட அடியில குட்டிக்குட்டி பிரமிடு, விளிம்பும் அகண்டிருக்கு. எதை மாத்தணும்?

ஈரமேடை
முதல்ல மாஸ்க். இந்தக் கரைசல்ல சிலிக்கான் நிமிஷத்துக்கு 1 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல போகும், ஆக்சைடு 7-8 நானோமீட்டர். நீங்க குடைய வேண்டிய 500 மைக்ரானுக்கு (525 − 25) ஏழு மணி நேரத்துக்கு மேல ஆகும், 1 மைக்ரான் ஆக்சைடு இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. எல்பிசிவிடி நைட்ரைடு (குறைஞ்ச அழுத்தத்துல வாயுவிலிருந்து படியவைக்கிற சிலிக்கான் நைட்ரைடு) போடுங்க, கேஓஎச் அதைத் தொடவே தொடாது.

ஜன்னல் கணக்கும் இடிக்குது. பக்கச்சுவர் (111) தளம் (கேஓஎச் ரொம்ப மெதுவா அரிக்கிற படிகத் தளம்), 54.7 டிகிரி சாய்வு. அடி அகலம் = ஜன்னல் − 1.414 × ஆழம். உங்க 1500ல 707 போனா 793 மைக்ரான்தான் மிஞ்சும். 1 மி.மீ. வேணும்னா ஜன்னல் 1707.

வி_பள்ளம்
பிரமிடுக்குக் காரணம் பெரும்பாலும் ஒட்டிக்கிட்டு நிக்கிற ஹைட்ரஜன் குமிழி, இல்லேன்னா ஜன்னல்ல மிச்சமிருக்கிற மெல்லிய ஆக்சைடு. கேஓஎச்ல இறக்கறதுக்கு முன்னாடியே நீர்த்த எச்எஃப்ல (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்) அரை நிமிஷம் முக்கிக் கழுவுங்க (பிளாஸ்டிக் பாத்திரம், மேல பட்டா தடவ பக்கத்துல கால்சியம் குளுக்கோனேட் ஜெல், இதுல சமரசமே கூடாது). வேஃபரை நிமிர்த்தி வெச்சு கரைசலைக் கலக்கிவிடுங்க. மேல ரிஃப்ளக்ஸ் கண்டென்சர் (ஆவியைக் குளிரவெச்சு திரும்ப உள்ளயே விடுறது) இருக்கட்டும். தண்ணி ஆவியானா செறிவு ஏறும், வேகம் மாறும், நேரக் கணக்கு கெட்டுடும்.

விளிம்பு அகலறது திசை பிசகினதால. வேஃபரோட ஃபிளாட்டே (படிகத் திசையைக் காட்ட ஓரத்துல வெட்டின நேர்விளிம்பு) ஒரு டிகிரி வரை தப்பா இருக்கலாம். 1 டிகிரிக்கு உங்க ஜன்னல் 26 மைக்ரான் அகலும், அது பரவாயில்ல. 10 மி.மீ. பள்ளமா இருந்தா 175! ஓரத்துல 0.1 டிகிரி இடைவெளியில விசிறி மாதிரி கோடுகளைப் போட்டு முதல்ல எட்ச் பண்ணுங்க (அரிங்க). எதுல மாஸ்க்குக்கு அடியில அரிப்பு கம்மியோ, அதுதான் நிஜமான <110> படிகத் திசை. மாஸ்க்கோட ஜன்னல் விளிம்பை அந்தத் திசைக்கு நேரா அலைன் பண்ணுங்க.

ஈரமேடை
ஒண்ணு விட்டுப்போச்சு. தடிமன்லயே ±25 மைக்ரான் வித்தியாசம் சகஜம். கடிகாரத்தை நம்பி 25 மைக்ரான் சவ்வுல நிறுத்தறது சூதாட்டம். ஒவ்வொரு வேஃபரையும் அளந்துட்டு ஆரம்பிங்க, நடுவுல வெளிய எடுத்து ஆழம் பாருங்க. பட்ஜெட் இருந்தா எஸ்ஓஐ வேஃபர் (சிலிக்கானுக்கு நடுவுல ஒரு ஆக்சைடு அடுக்கு புதைஞ்சிருக்கிறது) வாங்குங்க, புதைஞ்ச ஆக்சைடுல அரிப்பு ஏறக்குறைய நின்னுடும்.