ஆவணிக் கல்யாணங்களுக்கு 70-200 லென்ஸ் வாங்குவதா, இரண்டாவது கேமரா பாடியா?

புதுக்கேமரா:
என்னிடம் கேனன் 6டி மார்க் 2, 24-70 எஃப் 2.8, 50 எஃப் 1.8 என்று இரண்டு லென்ஸ். அவ்வளவுதான். இதுவரை ஒரு அண்ணனுக்கு இரண்டாவது ஆளாகப் போய் எடுத்தேன். ஆவணியில் மூன்று கல்யாணம் தனியாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கையில் உள்ள காசுக்கு ஒன்றுதான் வரும்: தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும் பழைய 70-200 எஃப் 2.8 லென்ஸ் அல்லது பழைய பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும். எதை வாங்க?

மேடையோரம்:
70-200. யோசிக்கவே வேண்டாம் தம்பி. தாலி கட்டும் நேரம் மணமேடையைச் சுற்றி ஒரு ஊரே நிற்கும். 24-70 வைத்துக்கொண்டு முட்டி மோதினால் யாரோ ஒரு மாமாவின் முதுகுதான் கிடைக்கும். தள்ளி நின்று இழுத்தால் பெண்ணின் கண்ணில் நீர் கோத்திருப்பது வரை தெரியும். அதைத்தான் ஆல்பத்தில் பெரிதாகப் போடச் சொல்வார்கள்.

பழைய ஷட்டர்:
படத்துக்குச் சரி, தொழிலுக்குச் சரியில்லை. நானும் ஒரே பாடியோடு சுற்றியவன். கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம், விடிகாலை முகூர்த்தம். பெண் கூறைப்புடவை மாற்றப் போயிருந்தபோது ஷட்டர் சிக்கிவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், லென்ஸைக் கழற்றி மாட்டினேன், ம்ஹூம். ஐயர் "கெட்டிமேளம்" என்று கையை ஆட்டும்போது வீடியோக்காரரிடம் அவருடைய பழைய கேமராவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று முடிச்சில் எனக்குக் கிடைத்தது மூன்றாவது. அது நாத்தனார் போட்டது. மாப்பிள்ளை கட்டிய முடிச்சு எங்கே என்று அவர்கள் கேட்டபோது என்ன சொல்வது?

மேடையோரம்:
பாடியை வாடகைக்கு எடுக்கலாமே! முதல்நாள் எடுத்து மறுநாள் கொடுத்தால் முடிந்தது. சொந்தமாக வாங்கினால் ஆடியிலும் மார்கழியிலும் அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும்.

பழைய ஷட்டர்:
பூஞ்சை முதலில் பிடிப்பது லென்ஸில் சார், நீங்கள் வாங்கச் சொல்வதில். அப்புறம் வாடகை. வளர்பிறை முகூர்த்தத்துக்கு முதல்நாள் கடையில் கேட்டுப் பாருங்கள், ஊரில் அத்தனை பேருக்கும் அதே நாள்தான் கல்யாணம். லென்ஸ் கிடைக்காவிட்டால் 50-ஐ மாட்டிக்கொண்டு நாலடி முன்னால் போகலாம். பாடி கிடைக்காவிட்டால் எதைத் தூக்கிக்கொண்டு போவது?

அகல்விளக்கு:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். 6டி மார்க் 2-ல் ஒரே கார்டு ஸ்லாட். கார்டு போனால் கல்யாணமே போச்சு. பழைய 5டி மார்க் 3 பாருங்கள். 2012-ல் வந்ததுதான், ஆனால் சிஎஃப் கார்டுக்கு ஒன்று, எஸ்டி கார்டுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்லாட். இப்போதிருக்கும் லென்ஸும் பேட்டரியும் அப்படியே சேரும். எஸ்டி பக்கம் மெதுவானது, அதனால் சிஎஃப்பில் ரா (சுருக்காத மூலப் படம்), எஸ்டியில் ஜேபெக் (சுருக்கிய படம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துப் படங்களுக்கு, பிற்பாடு ஒரு 85 எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால் போதும். எஃப் 2.8-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். எடை 425 கிராம். 70-200 மார்க் 2 ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, விடிகாலை நாலு மணியிலிருந்து கழுத்தில் தொங்கினால் மத்தியானப் பந்தியில் இலைக்குக் குனிய முடியாது.

மேடையோரம்:
85 நல்ல லென்ஸ், மறுக்கவில்லை. ஆனால் ஓமப் புகைக்கு நடுவில் லென்ஸ் மாற்றிப் பாருங்கள், சென்சாரில் என்னென்ன ஒட்டுகிறது என்று தெரியும்.

பழைய ஷட்டர்:
அதற்கும்தான் இரண்டாவது பாடி கேட்கிறேன். ஒன்றில் 24-70, இன்னொன்றில் 85. மாற்றவே வேண்டாம்.

மேடையோரம்:
சரி, முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ரிசப்ஷனில் மேடைக்கு முன்னால் கிரேன் கேமராவும் நாலு விளக்கு ஸ்டாண்டும் போட்டு உங்களை எட்டாவது வரிசைக்குத் தள்ளுவார்கள். அன்றைக்கு என்னை நினைப்பீர்கள்.

புதுக்கேமரா:
ரிசப்ஷனுக்கு மட்டும் 70-200 வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் அண்ணே, கிடைக்காவிட்டால் 50-தான். பழைய 5டி மார்க் 3 ஒன்று விலைக்கு இருக்கிறது, நாளை போய்ப் பார்க்கிறேன்.

அகல்விளக்கு:
கையோடு சிஎஃப் கார்டு ரீடரும் வாங்கிவிடுங்கள். லேப்டாப்பில் அந்தக் கார்டுக்கு வழி இருக்காது, கல்யாணம் முடிந்த ராத்திரி உட்கார்ந்து முழிக்காதீர்கள்.