பெரியப்பா கம்ப்யூட்டர் இரைச்சல்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

பெரியப்பா: எல்லாரும் கவனிக்கவும். எங்க அப்பா, அதான் பசங்களோட தாத்தா, பேசின கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கேன். நடுநடுவே யார் பேசுறாங்க, எப்போ எடுத்ததுன்னு மைக்ல சொல்லிப் பதிவு பண்றேன். சிபியூ போடுற இரைச்சல்ல என் குரலே அமுங்கிப் போகுது. இன்னிக்குப் பாதியில தானா அணைஞ்சும் போச்சு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து கேக்கறதா இருக்கோம். என்ன செய்யலாம்?

பெரியப்பா: 🎤 குரல் செய்தி 0:14

வித்யா: பெரியப்பா இது கம்ப்யூட்டரா பம்புசெட்டா 😳

அத்தை: இதுல அப்பா குரல் இல்லையே

பெரியப்பா: சத்தம் உங்களுக்குப் புரியட்டும்னு அதை மட்டும் போட்டேன்மா.

அப்பா: எந்த கேசட் அண்ணே

பெரியப்பா: பச்சை உறை போட்டது.

அத்தை: மூணுல ஒண்ணு. மத்த ரெண்டும் யார்கிட்ட போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்

அப்பா: மறுபடியும் ஆரம்பிச்சாச்சா

கார்த்தி: பெரிய மாமா, இரைச்சலும் அணையறதும் ரெண்டு கோளாறு இல்ல, ஒண்ணுதான். உள்ள இருக்கற பிராசஸர் சூடாகுது. சூடு ஏற ஏற மதர்போர்டு ஃபேனை வேகமா சுத்தச் சொல்லுது, அதான் சத்தம். அதுக்கும் அடங்காம 100 டிகிரி கிட்ட போனா பிராசஸர் தன் வேகத்தைக் குறைச்சுக்கும். அதையும் தாண்டினா தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிடும். அதனால சத்தத்தைத் துரத்தாதீங்க. சூடு வெளிய போக வழி பண்ணுங்க, ஃபேன் தானா அடங்கும். முக்கியமா, யார் சொன்னாலும் ஃபேன் வயரைப் பிடுங்கிடாதீங்க.

சித்தப்பா: பிடுங்கிட்டா சத்தம் நிக்கும்ல

கார்த்தி: சித்தப்பா மாமா 🙏 கம்ப்யூட்டரும் நிக்கும்

பெரியம்மா: 📷 படம்

பெரியம்மா: டேபிளுக்குக் கீழ கதவு போட்ட அறைக்குள்ள தள்ளி வெச்சிருக்கார். பின்னாடி பலகை, முன்னாடி கதவு. நான் சொன்னா யார் கேக்கறா

சரவணன் அண்ணன்: அப்பா நான் டேபிள் மேலதானே வெச்சுட்டு வந்தேன்

பெரியம்மா: நீ வெச்சுட்டுப் போனதோட சரி

சரவணன் அண்ணன்: அம்மா

கார்த்தி: பாதிக் காரணம் இந்தப் படத்துலயே இருக்கு. முன்னாடி குளிர்ந்த காத்தை இழுத்து, பின்னாடி சூட்டைத் தள்ளணும். இங்க பின்னாடி வர்ற சூடு பலகையில முட்டி, சுத்தி வந்து, முன்னாடி வழியா மறுபடி உள்ள போகுது. மொதல்ல அதை வெளிய எடுங்க. பின்பக்கம் ஒரு கை அகலமாவது சுவரை விட்டுத் தள்ளி இருக்கட்டும். கார்பெட் மேல வேண்டாம்.

அப்பா: பக்கவாட்டு மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டா போதாதா

கார்த்தி: சோதனைக்குச் செய்யலாம் மாமா. மூடியைக் கழட்டினதும் சத்தம் நல்லா குறைஞ்சா, காத்து உள்ள போக வழியில்லன்னு அர்த்தம். நிரந்தரமா அப்படி விடக் கூடாது. தூசி கூடும், முன்னாடி இருந்து பின்னாடி போற காத்தோட்டமும் கெடும். டேபிள் ஃபேன் சத்தம் மைக்ல விழும், அது வேற.

அப்பா: ம்

சித்தப்பா: ↪ பலமுறை அனுப்பப்பட்டது
கம்ப்யூட்டர் சூடா? பிராசஸர் மேல பற்பசை தடவுங்க!! உடனே குளிரும்!! எல்லாருக்கும் பகிரவும்

வித்யா: சித்தப்பாஆஆ

கார்த்தி: வேண்டவே வேண்டாம். அதுல தண்ணி இருக்கு, சூட்டுல காஞ்சு பொருக்காயிடும். அப்புறம் முன்ன விட மோசம். பிராசஸர் சூட்டை மேல இருக்கற உலோகத் தகட்டுக்குக் கடத்த அதுக்குன்னே தெர்மல் பேஸ்ட் இருக்கு.

பெரியப்பா: வெளிய எடுத்துட்டேன். மூடியையும் கழட்டிட்டேன். உள்ள ஒரே தூசி. பெரியம்மா வேக்குவம் கிளீனரை எடுத்துட்டு வர்றா.

கார்த்தி: நிறுத்துங்க பெரிய மாமா!! பிளக் பிடுங்கியாச்சா? பிடுங்கின அப்புறம் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பிடிங்க, மிச்சம் இருக்கற மின்சாரம் போகட்டும். வேக்குவம் முனையை போர்டு பக்கம் கொண்டு போகாதீங்க, ஸ்டாட்டிக் உண்டாகும். மெல்லிசு பிரஷ், காத்து ஊதற ப்ளோயர் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும். ஊதற காத்துல அது கன்னாபின்னான்னு சுத்தினா பேரிங் போயிடும். எஸ்எம்பிஎஸ்ஸை, அதான் கரண்ட் கொடுக்கற பெட்டியை, மட்டும் திறக்காதீங்க. பிளக் இல்லாம இருந்தாலும் உள்ள கெபாசிட்டர்ல மின்சாரம் தங்கும். வெளியில இருந்து ஊதினா போதும்.

பெரியம்மா: வேக்குவத்தை உள்ள வெச்சுட்டேன்

அத்தை: அந்த கேசட்ல நான் பாடினது இருக்கா பெரிய அண்ணே

பெரியப்பா: இன்னும் அந்த இடம் வரலம்மா. நீயும் சின்னவனும் சண்டை போடறது மட்டும் வந்துச்சு.

அப்பா: அப்பவுமா 😀

அத்தை: ரேடியோவைக் கொடுத்ததும் இவர்தான், எங்களைக் கேக்காம

அப்பா: ஓடாத ரேடியோ

அத்தை: ஓடிச்சு

வித்யா: பெரியப்பா உள்ள இருக்கறதை ஒரு போட்டோ போடுங்க

பெரியப்பா: 📷 படம்

கார்த்தி: மேல இருந்து பார்த்தா ஃபேன் இறக்கை மறைக்கும், சுத்தமா இருக்கற மாதிரிதான் தெரியும். அடியில ஹீட்சிங்க், அதான் பிராசஸர் சூட்டை இழுக்கற உலோகத் துண்டு, அதோட தகடுகளுக்கு நடுவுலதான் தூசி கெட்டியா அடைச்சிருக்கும். டார்ச் அடிச்சு இடுக்குல பாருங்க.

கார்த்தி: இருங்க இருங்க. போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாருங்க. ஹீட்சிங்க்குக்கு நாலு மூலையிலயும் கறுப்புக் குமிழ் இருக்கில்ல? வலது கீழ் மூலையில இருக்கறது மட்டும் மத்த மூணை விட உசரமா நிக்குது. அந்த முளை போர்டுல சரியா இறங்கல. ஒரு மூலை தூக்கி நின்னா ஹீட்சிங்க் பிராசஸர் மேல சரியா உக்காராது, பிராசஸர் சூடு ஹீட்சிங்க்குக்குப் போகாது. இதுதான் அசல் கோளாறு. உள்ள கை வெச்சது யாரு?

பெரியப்பா: ரேம் போட ஒருத்தர் வந்தாரே. வயரை ஒதுக்கறேன்னு என்னமோ பண்ணினார்.

சரவணன் அண்ணன்: எப்போ? எனக்குச் சொல்லவே இல்லையே

பெரியம்மா: போன் எடுத்தா சொல்லியிருப்போம்

வித்யா: 🤐

அப்பா: அண்ணே அதை ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்களேன்

கார்த்தி: இப்போ வேண்டாம் மாமா. உள்ள இருக்கற பேஸ்ட் இந்நேரம் காஞ்சு போயிருக்கும். முழுசாக் கழட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுப் பழசைத் துடைச்சு, புதுசா ஒரு பட்டாணி அளவு நடுவுல வெச்சு, எதிரெதிர் மூலையா அமுக்கணும். நாலும் டக்னு சத்தம் கேக்கணும். போர்டுக்குப் பின்னாடி முளை வெளிய வந்திருக்கான்னும் பார்க்கணும். இன்டெல் பெட்டியோட வர்ற கூலர்ல குமிழ்ல இருக்கற அம்புக்குறி திசையில திருப்பினா கழண்டுக்கும். அதனால சும்மா திருகிப் பார்க்காதீங்க. ஞாயிறு காலையில நான் வர்றேன்.

பெரியப்பா: ஞாயிறு சாயங்காலம்தானே எல்லாரும் கேக்கறது. அதுவரைக்கும்?

கார்த்தி: அதுவரைக்கும் தூசி தட்டிட்டு ஓட்டுங்க. இன்னொண்ணு: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், அதுல மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் 100ன்னு இருக்கும். 99 ஆக்குங்க. டர்போ, அதாவது பிராசஸர் கூடுதல் வேகத்துல ஓடறது, நின்னுடும், சூடு கணிசமாக் குறையும். கேசட் ஏத்தறதுக்கு டர்போ தேவையே இல்ல.

பெரியப்பா: 99. குறிச்சுக்கிட்டேன்.

வித்யா: பெரியப்பா, கேசட்டை வயர் வழியா மட்டும் ஏத்திடுங்க, அதுல ஃபேன் சத்தம் விழாது. விளக்கத்தை வேற ரூம்ல போன்ல பேசி அனுப்புங்க, நான் சேர்த்துத் தர்றேன்

பெரியப்பா: அப்பா குரலைக் கேட்டுக்கிட்டே பேசினாத்தான் எனக்கு வருது.

அத்தை: அதுவும் சரிதான்

கார்த்தி: அப்போ மைக்கை சிபியூவுக்குத் தள்ளி வெச்சு, வாய்க்கிட்ட பிடிச்சுப் பேசுங்க. பின்னாடி இருக்கற ஃபேனும் 80 மில்லிமீட்டர் சின்னது. 120 போட இடம் இருக்கு. பெரிய ஃபேன் மெதுவா சுத்தியே அதே காத்தைத் தள்ளும். ஒரே ஃபேனை எடுத்துக்கிட்டாக்கூட வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபல் இறங்கும். காத்தும் பாதியாயிடும்னுதான் பெரிசு போடறது. நாலு பின் இருக்கற ஃபேனா இருந்தா பயாஸ்ல, அதான் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது உள்ள போற செட்டிங்ஸ்ல, எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம்னு நாமே கோடு போட்டு வைக்கலாம். அப்புறம் ஒரே சுருதியில உம்ம்னு ஒரு சத்தம் வந்தா அது ஃபேனா இல்லாம ஹார்ட் டிஸ்க்கா இருக்கலாம். நிமிஷத்துக்கு 7200 சுத்து, அதாவது நொடிக்கு 120. அந்த அதிர்வு கேபினட் தகட்டுல ஏறுது. ஸ்க்ரூவுக்கு நடுவுல ரப்பர் வாஷர் போடலாம், இல்ல சுத்தற பாகமே இல்லாத எஸ்எஸ்டி மாத்திட்டா அந்தப் பேச்சே கிடையாது.

சித்தப்பா: இவ்ளோ நீளமா யார் படிக்கறது

பெரியப்பா: நான் படிச்சேன்டா.

கார்த்தி: ❤️

சரவணன் அண்ணன்: எஸ்எஸ்டி நான் அனுப்பறேன்பா

பெரியம்மா: எஸ்எஸ்டி வரும். ஆள்?

சரவணன் அண்ணன்: லீவு கேட்டிருக்கேன்மா

பெரியப்பா: தூசி தட்டிட்டேன். தகட்டு இடுக்குல இருந்து ஒரு கைப்பிடி வந்தது. 99ம் போட்டாச்சு. கார்த்தி, பயாஸ்ல போய்ப் பார்த்தேன், 71ன்னு காட்டுது. மத்தியானம் அணைஞ்சு போனதும் உள்ள போய்ப் பார்த்தப்போ 88. சத்தம் பாதிதான் இருக்கு.

கார்த்தி: பயாஸ்ல சும்மா நிக்கும்போதே 71னா இன்னும் அதிகம்தான் பெரிய மாமா, அந்த மூலையைச் சரி பண்ணியே ஆகணும். ஆனா இன்னிக்கு அணையாம ஓடும்னு நினைக்கிறேன்.

பெரியப்பா: 🎤 குரல் செய்தி 0:41

அத்தை: அப்பா

அத்தை: "ஏய் சின்னவளே"ங்கறார் என்னை

அப்பா: பரண்ல ஒரு பெட்டி இருக்கு. மத்த ரெண்டு கேசட் அதுல இருக்கான்னு நாளைக்குப் பார்க்கறேன்

அத்தை: இருக்கா, இருக்கான்னு பார்க்கறியா

அப்பா: பார்க்கறேன்மா

பெரியப்பா: பேஸ்ட் யார் வாங்கறது?

சரவணன் அண்ணன்: நான் ஆர்டர் போடறேன்

அப்பா: கார்த்தி வரும்போது வாங்கிட்டு வரட்டும்

சித்தப்பா: என்கிட்ட ஒண்ணு இருக்கு

கார்த்தி: சித்தப்பா மாமா, அது பற்பசை இல்லையே?